சுவரைப் பார்த்து நின்ற பெட்டி

எங்கள் ஊரில் ஒருவர் ஒரு பொருளை அன்பளிப்பாகக் கொடுத்தால் அதில் அவருடைய பெயர் இருக்க வேண்டும். மின்விசிறி கொடுத்தால் இறக்கையில் எழுதுவார்கள். சுற்றும்போது பெயர் தெரியாதே என்று ஒருமுறை கேட்டேன். "கரண்ட் போகேக்கை தெரியுமெல்லோ" என்றார்கள். சுவர் மணிக்கூடு, பிளாஸ்டிக் கதிரை, தண்ணீர்த் தாங்கி, கோயில் வாங்கு, எதைத் தொட்டாலும் ஒரு குடும்பத்தின் பெயரும் அவர்கள் போயிருக்கும் நாட்டின் பெயரும் கையில் படும். நான் இதைப் பகிடி பண்ணித் திரிந்தவன். கடைசியில் அதுவே என்னைப் பார்த்துச் சிரித்தது.

என் தொழில் மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி அமைப்பைத் திட்டமிட்டுக் கொடுப்பது. வாடகைக்கு வண்டியில் ஏற்றி இறக்கும் வேலை அல்ல. ஒருமுறை பூட்டினால் அங்கேயே இருக்க வேண்டியவை. இங்கே பலருக்கு ஒலி என்றால் பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்குவது. எத்தனை பெட்டி என்று கேட்பார்களே தவிர, எங்கே, எந்தச் சரிவில் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நான் மண்டபத்தின் நீளத்தையும் கூரையின் உயரத்தையும் அளந்து, கடைசி வரிசையில் இருப்பவரின் காது எவ்வளவு தூரம் என்று பார்த்து, பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவேன். மேலே உள்ளவை நேராகத் தூரத்தைப் பார்க்கும். கீழே வரவரக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனியும். அப்போதுதான் முன்வரிசைக்காரரின் காது கிழியாமல் பின்வரிசைக்கும் பாட்டு போய்ச் சேரும். லைன் அரே என்று பெயர். நீர்வேலியில் ஒரு மண்டபக்காரர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தம்பி, குலை நல்லா முத்தியிருக்கு, எப்ப வெட்டப் போறாய்?" என்று கேட்டார். வாழைத்தோட்டக்காரர் வேறு எப்படிக் கேட்பார்?

நான் வரைவேன், என் கூட்டாளி ஏறிக் கட்டுவான். இருவரும் ஒரே கடற்கரைத் தேவாலயப் பங்கில் பிறந்து, ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் கலியாணம் முடித்து நல்லூர்ப் பக்கம் குடிவந்துவிட்டேன், அவன் கடற்கரையிலேயே இருந்துவிட்டான். அவன் அதிகம் கதைக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்து நான் கதைப்பேன். கூரையில் நின்றபடி கையால் அவன் ஒரு சைகை காட்டினால் கீழே நிற்கும் எனக்கு எந்த ஆணி என்று விளங்கும். வேறு ஒரு மனிதரிலும் எனக்கு அப்படியொரு நம்பிக்கை இருந்ததில்லை. எங்கள் அமைப்புகளைப் பூட்டி வைக்கும் இரகசிய இலக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுந்தான் தெரியும். ஒருவரைக் கேட்காமல் மற்றவர் அதைத் திறப்பதில்லை என்று சத்தியமும் பண்ணியிருந்தோம்.

எங்கள் பங்கில் புது மண்டபம் எழும்பியபோது அந்த வேலையை எங்களிடமே தந்தார்கள். எனக்குச் சந்தோசத்தில் புழுகம். சொந்த ஊர், சொந்தச் சனம். ஆனால் மேடையின் பின்சுவருக்கு அங்கால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கை, அதைத் தாண்டினால் அக்காவின் வீடு. அந்த ஒழுங்கை முழுக்கக் கடலுக்குப் போகிறவர்கள். பின்னேரம் வள்ளம் எடுத்தால் விடியத்தான் கரைக்கு வருவார்கள். மீனை விற்று, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் மத்தியானம் தாண்டித்தான் எழும்புவார்கள். கலியாணமும், பெண்பிள்ளை பெரியவளானால் செய்கிற சாமத்தியவீடும், பிறந்தநாளும் நடப்பது சரியாக அந்த நேரத்தில்.

மண்டபக் கூட்டத்துக்கு ஒழுங்கைச் சனம் திரண்டு வந்தது. மண்டபம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் எப்போது படுக்கிறது என்றுதான் கேட்டார்கள். நித்திரை இல்லாதவன் கடலில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியாது, அது அந்த ஒழுங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண்டபக் குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் இளமையில் கடலுக்குப் போனவர், இப்போது பிள்ளைகள் வெளிநாட்டில். வெள்ளைச் சேட்டும் கதிரையுமாக இருந்தால் நித்திரை ஒரு சின்ன விசயமாகிவிடும் போலும். அவர் என்ன சொல்வாரோ என்று பார்க்கப் பொறுமை இல்லாமல் நான் எழும்பினேன்.

"சத்தம் உங்கடை பக்கம் வராது. நான் பொறுப்பு" என்றேன்.

அக்கா எல்லோருக்கும் முன்னால் இருந்தவ. என் முகத்தைப் பார்த்து, "தம்பி சொன்னால் சரி" என்றா. அதோடு ஒழுங்கைச் சனம் எழும்பிப் போனது. என் சொல்லுக்குத்தான் போனது.

பெரிய வாயாகச் சொல்லிவிட்டேனே தவிர, வேலை சுலபமில்லை. உயர்ந்த தொனியை டோர்ச் வெளிச்சம் மாதிரி ஒரு பக்கம் திருப்பலாம். பேஸ் என்கிற அடித்தொனி அப்படியில்லை. அது கருவாடு பொரிக்கிற மணம். யார் வீட்டில் பொரித்தாலும் ஒழுங்கை முழுக்கப் போகும். அந்த அடியைத் தருவது சப் வூஃபர் என்கிற பெரிய பெட்டிகள்தான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மேடைக்கு முன்னால் மூன்று சப் பெட்டிகளை வரிசையாக வைத்தேன். ஓரங்களில் இருந்த இரண்டும் சனத்தைப் பார்த்தன. நடுவில் இருந்ததை மட்டும் திருப்பி, மேடையையும் பின்சுவரையும் பார்க்க வைத்தேன். அந்தப் பெட்டிக்குப் போகும் ஒலியைத் தலைகீழாக்கி, கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாகப் பிந்த வைத்தால், அது மற்ற இரண்டிலிருந்தும் பின்பக்கம் போகும் அடியைச் சாப்பிட்டுவிடும். முன்னால் சனத்துக்குக் குறைவில்லை, பின்னால் ஒழுங்கைக்குப் போவது மிகக் கொஞ்சம். அந்த ஒரு பெட்டியின் வேலை சத்தம் போடுவதல்ல, சத்தத்தைத் தின்பது.

பரிசோதித்த அன்று கூட்டாளியை மண்டபத்தில் நிறுத்தி, பேஸ் கூடிய பாட்டாகப் பார்த்துப் போடச் சொல்லிவிட்டு அக்காவின் வீட்டுக்கு ஓடினேன். அறையில் அத்தான் கடலால் வந்து படுத்திருந்தார். கட்டிலடியில் நின்று காதைக் கொடுத்தேன். தூரத்தில் யாரோ மெத்தையில் தட்டுவது மாதிரி ஒரு சின்ன அதிர்வு. அதற்கு மேலால் அத்தானின் குறட்டை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அக்கா வாசலில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தா. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

மண்டபத் திறப்புக்கு நான் போகவில்லை. சாவகச்சேரியில் இன்னொரு வேலை நெருக்கிக்கொண்டு நின்றது. கூட்டாளி போனான். எல்லாம் வடிவாக நடந்தது என்றான். அக்காவும் அதையே சொன்னா.

சில கிழமைகள் கழித்து அதே மண்டபத்தில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். கோயிலில் பூசை முடிந்து மண்டபத்துக்குள் கால் வைத்ததும் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பேஸ் தடித்து, ஊறிப்போன பிஸ்கட் மாதிரி இருந்தது. சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். மூன்று பெட்டிகளும் சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றின் முகத்திலும் வெள்ளை மையில் "அன்பளிப்பு" என்று எழுதி, கீழே பெயரும் நாடும். நடுப்பெட்டியில் என் மருமகனின் பெயர், அக்காவின் மகன், பிரான்ஸ்.

அந்தப் பெயரைப் பார்த்த உடனேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் ஆத்திரம் கண்ணை மறைத்தால் எழுத்துத் தெரியாது. சுவரைப் பார்த்து நிற்கும் பெட்டி சபைக்கு வடிவில்லை என்று தலைவர் திருப்புவித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நேரே மேடைக்குப் பக்கத்து அறைக்குப் போய்ப் பெட்டிகளை இயக்கும் கருவியைத் திறந்தேன். தலைகீழாக்கியதும் பிந்த வைத்ததும் நீக்கப்பட்டிருந்தன. யாரோ கண்டபடி தட்டிக் கெடுத்த மாதிரி இல்லை. மூன்று பெட்டியும் முன்னால் பார்த்தால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, சரியாக, துப்புரவாக மாற்றியிருந்தது. பூட்டும் திரும்பப் போடப்பட்டிருந்தது.

அந்த இலக்கம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் நான்.

அப்படியிருந்தும் முதலில் மாட்டியவர் தலைவர்தான். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப் பார்க்க, "ஆரைக் கேட்டுத் திருப்பினனீங்கள்?" என்று கத்தினேன். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, "எனக்கு உதொண்டும் தெரியாது தம்பி. உங்கடை ஆள்தான் திறப்புக்கு முதல்நாள் வந்து திருப்பினவர்" என்றார்.

வெளியே வந்து கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நடுப்பெட்டியைத் திருப்பினது ஆர்?"

"நான்தான்" என்றான்.

"ஏன்?"

"சனம் ஒரு மாதிரிக் கதைச்சுது. வடிவாயில்லை எண்டு."

"வடிவோ? அந்த ஒழுங்கைச் சனத்துக்கு நான் குடுத்த வாக்கு உனக்குத் தெரியாதோ? நீ பக்கத்திலை நிண்டனியெல்லோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ செய்தனி?"

"ஓம்."

அவன் ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஓம் என்னைக் கொன்றுவிட்டது. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். இனி என் கண்ணில் முழிக்காதே என்றும் சொன்னேன். நேரே அக்காவிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, "விடு தம்பி. அவனும் என்ன செய்யிறது" என்றா. என்ன பெரிய மனது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பெட்டியைத் திரும்பவும் திருப்ப வேண்டும் என்று தலைவரிடம் கேட்டேன். சபைக்கு முன்னால் கத்தியதில் அவருக்கு மூக்கு உடைந்திருந்தது. பார்ப்போம் என்றே நாளைக் கடத்தினார். ஒழுங்கையால் நடந்தால், கூட்டத்தில் என்னை நம்பி எழும்பிப் போனவர்கள் இப்போது முகத்தைத் திருப்பினார்கள். ஒருத்தி என் காதுபட, "பொறுப்பாம் பொறுப்பு" என்றாள். கூட்டாளியைத் திட்டுவதைத் தவிர என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவனில்லாமல் வேறு ஆட்களை வைத்து வேலை செய்து பார்த்தேன். கீழே நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அத்தான் எஞ்சினைப் பிடித்தபடி கண்ணயர்ந்து, வள்ளம் கல்லில் ஏறிவிட்டது. ஆளுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, முழங்கை மட்டும் கிழிந்து தையல் போட்டிருக்கிறது என்றார்கள். நான் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். அக்கா வீட்டில் அத்தான் இல்லை. அக்காவும் சந்தைக்குப் போயிருந்தா. மண்டபத்தில் ஏதோ சாமத்தியவீடு. அறையின் யன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் கையை வைத்தேன், கட்டிலும் அதிர்ந்தது. நான் நின்று குறட்டை கேட்ட அதே அறை.

அத்தான் கடற்கரையில் இருந்தார். வலை வைக்கிற ஓலைக் கொட்டில், வாடி என்போம், அதற்குள் வலைக்குவியலின் மேல் படுத்திருந்தார். தகரத்தில் வறுக்கிற மாதிரி வெயில். மண்டபத்தில் விசேசம் நடக்கும் நாளெல்லாம் இங்கேதான் படுக்கிறாராம். இந்த வெக்கைக்குள் யாருக்கு நித்திரை வரும்? கையில் வெள்ளைக் கட்டு. என்னைக் கண்டு எழும்பிக் குந்தினார்.

"அத்தான், உவன் செய்த வேலையாலை வந்ததைப் பாத்தியளே? இண்டைக்கு நான் அவனை விட மாட்டன்" என்றேன்.

அத்தான் தலையைச் சொறிந்தார். "நீ ஏன் தம்பி சும்மா அவனோடை சண்டை பிடிக்கிறாய்? கொக்காவெல்லோ திருப்பச் சொன்னவ."

என் அக்காவையா சொல்கிறார்? எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார். மகனுக்குப் பிரான்ஸில் இன்னும் விசா சரிவரவில்லை. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. சாப்பாட்டுக் கடைக் குசினியில் நின்று உழைத்து அந்தப் பெட்டிக்குக் காசு அனுப்பியிருக்கிறான். திறப்பை லைவில் பார்ப்பேன், என் பெயர் தெரிய வேண்டும் என்று தாயிடம் சொல்லியிருக்கிறான். முதல்நாள் பெயர் எழுதுகிறவர் வந்து எழுதிவிட்டுப் போன பிறகுதான் அக்கா போய்ப் பார்த்திருக்கிறா. மற்ற இரண்டு பெயரும் சபையைப் பார்க்க, தன் பிள்ளையின் பெயர் மட்டும் வகுப்பில் தண்டனைக்கு நிறுத்திய மாதிரிச் சுவரைப் பார்த்து நின்றது.

"உன்ரை கூட்டாளி முதலிலை மாட்டனெண்டுதான் சொன்னவன். கொக்கா காலிலை விழாத குறை. பேந்து, உனக்குச் சொல்லக் கூடாது எண்டு சத்தியமும் வாங்கினவ."

"உங்களுக்கு? உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். என்னைக் கேட்டுத்தானே செய்தவை" என்றார் அத்தான். "பெடியன்ரை பேர் தெரியட்டும், நான் எங்கையும் படுப்பன் எண்டு நான்தான் சொன்னனான்."

நான் அந்தச் சுடுமணலில் அப்படியே இருந்துவிட்டேன். யாருடைய நித்திரைக்காக ஊரைப் பகைத்தேனோ அந்த மனிதர் அதை எப்போதோ சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார். அக்கா, அத்தான், கூட்டாளி, மூன்று பேரும் கூடிக் கதைத்திருக்கிறார்கள். பிறகு மூன்று பேரும் நான் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்தத் தேத்தண்ணியை நினைத்தபோது வாய் கசந்தது. நான் கூட்டாளியைத் திட்டத் திட்ட, திட்டுவதெல்லாம் தனக்கு வரவேண்டியது என்று தெரிந்துகொண்டு எப்படி அக்காவால் சீனி போட்டுக் கலக்க முடிந்தது?

அக்கா சந்தையால் வந்ததும் கேட்டேன். அழுவா என்று நினைத்தேன். அழவில்லை.

"உன்னட்டைச் சொன்னால் நீ கொம்பியூட்டரைத் திறந்து படம் காட்டி ஏலாது எண்டுவாய். என்ரை பிள்ளை வரேலாது. அவன்ரை பேராவது எல்லாற்றை கண்ணிலையும் படட்டும் எண்டு நினைச்சன். பிழையோ?"

"ஒரு சொல் சொல்லியிருந்தால் பெட்டியின்ரை முதுகிலை பேரை எழுதி விட்டிருப்பனே அக்கா! முதுகுதானே சபையைப் பாக்கும். அரை நாள் வேலையும் இல்லை."

அக்கா சந்தைப் பையைக் கீழே வைத்தா. அந்த யோசனை மூன்று பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வராது. அது எனக்குத்தான் வந்திருக்கும், என்னிடம்தான் அவர்கள் கேட்கவில்லை. எனக்கு உள்ளே எரிந்தது அதுதான், இப்போதும் எரிவது அதுதான்.

தலைவரிடம் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கூட்டாளிக்கு ஆள் அனுப்பினேன். அவன் வந்தான். இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியைப் பழையபடி சுவரைப் பார்க்கத் திருப்பினோம். முன்னால் இருந்த எழுத்தை அவன் அழித்தான், பெயர் எழுதுகிறவரைக் கூப்பிட்டு முதுகில் எழுதுவித்தேன். முதுகுதான் என்று தெரியாமல் இருக்க மற்ற இரண்டிலும் உள்ள மாதிரியே எழுதுவதற்கு முன்பே கறுப்பு வலைத்துணியும் சட்டமும் அடித்திருந்தான். அமைப்பைச் சரிபார்க்கும்போது அவன் இலக்கத்தைத் தட்டினான். நான் அவன் கையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தேன். "நான் சத்தியம் பண்ணினனான் மச்சான்" என்றான். "எனக்கும்தான் ஒரு காலத்திலை பண்ணினனி" என்றேன். இப்போதும் சேர்ந்துதான் வேலை செய்கிறோம். ஆனால் இலக்கத்தை மாற்றிவிட்டேன்.

அடுத்த கலியாணத்தன்று அக்கா வீட்டுக் குசினியில் இருந்தேன். மண்டபத்தில் பாட்டுப் போனது. அறையில் அத்தான் குறட்டை விட்டார். கூட்டாளியும் வந்து வாசலில் நின்றான். அக்காவின் கைத்தொலைபேசி அடித்தது, மருமகன். தலையில் வெள்ளைத் தொப்பி, பின்னால் பெரிய சட்டிகள். லைவில் கலியாணம் பார்த்துக்கொண்டு நின்றானாம். அக்கா தொலைபேசியை என் பக்கம் திருப்பினா.

"மாமா, என்ரை பேர் இப்ப இன்னும் வடிவாத் தெரியுது. நடுவிலை நிக்கிறபடியால் என்ரை பெட்டிதானே எல்லாத்தையும்விட அடிக்குது?"

அக்கா என்னைப் பார்த்தா. வாசலில் நின்றவனும் பார்த்தான். இரண்டு பேர் முகத்திலும் ஒரே கெஞ்சல்.

"ஓமடா," என்றேன், "உன்ரை பெட்டிதான்."

அவன் அங்கே யாரையோ கூப்பிட்டு, சிரித்துச் சிரித்து அதைப் பிரெஞ்சில் சொன்னான். அக்கா எனக்கு முன்னால் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தா. நான் அதைக் குடிக்கவில்லை.